பிந்தி வரும் குரல்

எழுந்ததும் அவன் படுக்கையில் ஒரு பக்கத்தை மட்டும் தட்டிச் சரிசெய்வான். மறுபக்கம் கலைவதில்லை. பல் தேய்ப்பான். அடுப்பில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் சவரம் முடிந்துவிடும். தேநீரை நின்றபடியே குடிப்பான். குவளையைக் கழுவிக் கவிழ்ப்பான். ரொட்டி இருந்தால் தின்பான், இல்லையென்றால் இல்லை. பையில் ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், கேபிள் முனைகள், டேப் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பான். ஷூ மாட்டுவான். கதவைப் பூட்டுவான். வாசல் விளக்கை அணைக்க மாட்டான்.

பட்டப்பகலில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் மறதி என்று நினைத்தார்.

"தம்பி, லைட்டு எரியுதே."

"தெரியும் சார்."

பிறகு யாரோ அவர் காதில் விஷயத்தைப் போட்டிருக்க வேண்டும். கேட்பதை விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. பழைய டிவி ஒளிபரப்பைப் பரீட்சார்த்தமாக முதலில் நிறுத்திய பகுதியில் அவனுக்கு வேலை. சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன், டிவி திடீரென்று ஊமையாகிப்போன ஜனங்களின் நடுவில் மாட்டிக்கொண்டான். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கினான். போன் கீழே பையில் கிடந்து அடித்து ஓய்ந்தது. ஓடிவந்து நின்றபோது போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலருகே இருந்தது மாமியார் மட்டும்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா உங்களைப் பத்தித்தான் பேசினா, மாப்பிள்ளை. 'வாசல் விளக்கை அணைச்சிடாதீங்க. அவர் இருட்டுல வருவார்'னு சொன்னா. அதோட சரி."

அவன் அழவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மரக்கட்டை மாதிரி நிற்கிறானே என்று உறவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். அவனிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதில் காலை ஊன்றித்தான் நின்றான். நினைவு அட்டையில் அவள் படத்துக்குக் கீழே அதையே அச்சடித்தான். அதற்காகத்தான் விளக்கும் எரிந்தது.

வேலை முதுகை முறித்தது. இன்னும் சில நாளில் பழைய அனலாக் ஒளிபரப்பு முழுசாக நின்றுவிடும். ஆன்டெனா வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் டிஜிட்டல் பெட்டி மாட்டி, சேனல்களைத் தேடி நிறுத்தி, ரிமோட்டைக் கையில் கொடுத்து விளக்கம் சொல்லிவிட்டு வர வேண்டும். தெருவெங்கும் 'நிறுத்தம்' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எது நிறுத்தம் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் கரண்ட் நிறுத்தம் என்று நினைத்து மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள். ஒருவர் புது ரிமோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஆன்டெனாவைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தார். இத்தனை கூத்துக்கும் மேலே, 'அலாரம்' என்று எல்லோரும் கூப்பிடும் மேற்பார்வையாளர். விடிந்ததும் எல்லோருக்கும் போன் போட்டுக் கத்துவதால் அந்தப் பெயர்.

"இன்னைக்காவது அந்தப் பழைய பிளாட் கட்டடத்தை முடிப்பியா, இல்ல டிவி நின்னதுக்கு அப்புறம் மாலை போடப் போறியா?"

"முடிச்சிடுறேன் சார்."

அவன் எல்லா வீட்டிலும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. பெட்டியில் வருவது கொஞ்சம் பிந்தித்தான் வரும். வந்த சிக்னலைப் பிரித்து அடுக்கிப் படமாக்க அதற்கு நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டில் பழைய டிவி ஓடினால், அங்கே முதலில் கேட்கும். பயப்பட வேண்டாம், பெட்டி பழுதில்லை.

"அப்போ பந்து அவங்க வீட்ல கோலுக்குள்ள போயிருக்கும், நம்ம வீட்ல இன்னும் உருண்டுட்டு இருக்கும், அப்படித்தானே?" என்பார்கள்.

"அப்படித்தான்."

பழைய பிளாட் கட்டடத்தில் சுவர்கள் மெலிசு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். நடு மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவர் பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.

"ரெண்டு ரிமோட்டா தம்பி?" என்றார் டீச்சர். "ஒண்ணையே இந்த மனுஷன் கையில இருந்து பிடுங்க முடியல."

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. சண்டை தீர்ந்துது போ."

"இவர்கிட்ட எது எதுக்குன்னு நல்லா சொல்லிடுங்க. இல்லன்னா ரெண்டையும் ஒண்ணா அமுக்கி உங்களைத்தான் கூப்பிடுவார். ஆமா, எதுக்குப் பழசை நிறுத்துறாங்க? நல்லாத்தானே ஓடிட்டிருந்துது?"

"நானும் நல்லாத்தான் ஓட்டிட்டிருந்தேன்," என்றார் டிரைவர். "என்னை நிறுத்தலையா?"

அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவான். அதில் குறை வைப்பதில்லை. பெட்டி சேனல்களைத் தேடி முடித்தது. படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. மதியத்தில் பழைய தொடர்களை மறுபடி போடும் சேனல் அது. டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் டிவிக்குப் பின்னால் குனிந்து கேபிள் முனையை இறுக்கத் தொடங்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பழைய டிவிதான். அங்கிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வாசல் விளக்கை அணைச்சிடாதீங்க. அவர் இருட்டுல வருவார்."

அவன் விரல்கள் நின்றன. பதறவில்லை. இந்த வாக்கியம் அவன் காதுக்குள் அவ்வப்போது தானாகவே பேசும். மாடியில் பேசும், குளிக்கும்போது பேசும். இன்றும் அப்படித்தான் என்று எண்ணினான். எண்ணி முடிப்பதற்குள் அவன் முகத்துக்கு நேராக இருந்த டிவி வாயைத் திறந்தது.

"வாசல் விளக்கை அணைச்சிடாதீங்க. அவர் இருட்டுல வருவார்."

எட்டிப் பார்த்தான். திரையில் ஒருத்தி கட்டிலில் கிடந்தாள். உதட்டுச் சாயம் கலையாமல் செத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வயலின் கதறியது.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். டிரைவர் சொன்னார்: "பாவம், ரெண்டு தடவை செத்துட்டா. பக்கத்து வீட்ல ஒரு தடவை, நம்ம வீட்ல ஒரு தடவை."

"சும்மா இருங்க. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்துல எனக்குத் தாங்காது."

அவன் கேபிளைப் பிடித்தபடியே கேட்டான்: "இது எப்ப வந்த தொடர்ம்மா?"

"போன மழை சமயத்துல ராத்திரில போட்டாங்களே. இந்தக் காட்சி வந்த அன்னைக்குத் தெருவே வெறிச்சோடிப் போச்சு. நீங்க பார்க்கலையா? டிவிக்காரர்னு பேரு!"

அவன் பார்க்கவில்லை. நாள் முழுக்க டிவியோடு மாரடிப்பவன் வீட்டில் டிவி கிடையாது. அவன் மனைவி இறந்ததும் போன மழையில்தான்.

படி இறங்கும்போதுதான் மற்றதெல்லாம் ஒன்றொன்றாகக் காதில் விழுந்தது. அவள் 'விளக்கு' என்று சொன்னதே இல்லை. லைட்டு என்பாள். 'அணை' என்று சொன்னதில்லை. ஆஃப் பண்ணு என்பாள். பெற்ற தாயிடம் அவள் 'நீ' என்றுதான் பேசுவாள். 'அணைச்சிடாதீங்க' என்று எந்தத் தாயிடம் சொன்னாள்? ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுக்கு அவன் 'அவன்'தான். அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்காத நாள் இல்லை. இதெல்லாம் அவனுக்கு அப்போதே உறுத்தாமல் இல்லை. மாமியார் வாய்க்கு வந்தபோது 'அவன்' மரியாதைப்பட்டு 'அவர்' ஆகியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது இன்னொரு வீட்டு மருமகள் இன்னொரு மாமியாரிடம் பேசிய வசனம். யாருக்கோ தைத்த சட்டையை அப்படியே எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அலாரத்துக்குப் போன் செய்து அரை நாள் விடுப்பு சொன்னான். அந்தப் பக்கத்துக் கத்தலை முழுசாகக் கேட்காமல் வைத்துவிட்டான்.

மாமியார் வீட்டுக்குப் பெட்டி மாட்டுவது பாக்கியிருந்தது. அவர் ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்ததும் அதையே தொடங்கினார்.

"வாங்க மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் மாட்டுறீங்க, எங்க வீட்டு டிவி என்ன பாவம் பண்ணுச்சுன்னு இப்பத்தான் இவகிட்டச் சொல்லிட்டிருந்தேன். முகம் ஏன் இப்படிக் கருத்துக் கிடக்கு? காபி போடவா?"

"வேண்டாம் அத்தை."

மனைவியின் தங்கை சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத்தான், அந்தப் பெட்டியில எனக்குப் பாட்டு சேனல் முதல்ல வரணும். அம்மாவோட அழுகை சேனலைக் கடைசியில தள்ளிடுங்க."

"தள்ளுவே நீ," என்றார் மாமியார். "அதைத் தள்ளிட்டா மத்தியானம் நான் எதைப் பார்த்துட்டுச் சாப்பிடுறது?"

அவன் பழைய ஒயரைக் கழற்றினான். நுனியைச் சீவினான். புது முனை வைத்து முறுக்கினான். பெட்டியை உயிர்ப்பித்தான். தேடல் தொடங்கியது. அதுவரை கை பழகிய வேலை நடந்தது. அதற்குப் பிறகு கைக்கு வேலை இல்லை.

"அத்தை," என்றான் திரும்பாமல். "அந்த வாசல் விளக்குப் பேச்சு. அதைச் சொன்னது யாரு?"

"என்ன மாப்பிள்ளை இப்படிக் கேக்குறீங்க? அவதான்."

"அந்தச் சேனல்ல இன்னைக்கு மத்தியானம் ஒருத்தி சொன்னா. ஒரு எழுத்து பிசகாம."

மடித்துக்கொண்டிருந்த துண்டு தங்கையின் மடியிலேயே நின்றது. அவன் மாமியாரைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தில் திகைப்பு இல்லை. அதுதான் அவனை அடித்தது.

"உனக்கும் தெரியும்."

"அத்தான்..."

"எப்பலேர்ந்து?"

"அம்மா சொன்ன அன்னைக்கே." அவள் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அட்டை அடிச்ச பிரஸ்காரர் கூடக் கேட்டார். 'இது சீரியல் வசனமாச்சே, தெரிஞ்சுதான் போடுறாங்களா'ன்னு. நான்தான், போடுங்கன்னேன்."

"வேற யாருக்கெல்லாம்?"

"எல்லாரும் அந்தத் தொடர் பார்த்தவங்கதானே அத்தான்."

அட்டையை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அவன் கண்முன் வந்தார்கள். படித்துவிட்டு அவன் தோளைத் தட்டியவர்கள். அலாரம் அன்றைக்கு மட்டும் கத்தாமல், "நல்ல வார்த்தை தம்பி," என்றது. பக்கத்து வீட்டுக்காரர் லைட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியது. இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவனை நடுவில் நிற்கவைத்து, ஊரே சுற்றி நின்று மூடிக்கொண்டது.

"எதுக்கு அத்தை?"

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க வந்து நின்ன கோலம் அப்படி. நெஞ்சு வெடிச்சிடுமோன்னு பயந்தேன். ஏதாவது கையில குடுக்கணும்னு தோணுச்சு. முதல் நாள்தான் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தேன், வாயில அதுதான் வந்துச்சு. ஒரு நாளைக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பார்த்தா, நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டீங்க. அட்டையில போட்டீங்க. லைட்டு போட்டீங்க. அப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

"ஒரு வருஷமா என்னைப் பொம்மை மாதிரி ஆட்டி வெச்சிருக்கீங்க."

"நம்ம பிள்ளைன்னு நெனச்சுத்தான்..."

"உங்க பிள்ளையா இருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்க."

பெட்டி தேடி முடித்தது. ஏதோ விளம்பரம் பளிச்சென்று வந்து பாட ஆரம்பித்தது. தங்கை எழுந்து சத்தத்தை அடக்கினாள். ஒரு குடும்பம் சத்தமில்லாமல் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"சரி," என்றான். "அவ நிஜமா என்ன சொன்னா?"

"எதுவும் சொல்லலைன்னு வெச்சுக்கோங்க."

"அத்தை."

"வேண்டாம் மாப்பிள்ளை. அது உங்களுக்கு நல்லதில்லை."

"எது நல்லதுன்னு நீங்க பார்த்தது போதும்."

"சொல்லிடும்மா," என்றாள் தங்கை. "பாவம்."

மாமியார் தரையைப் பார்த்துப் பேசினார். அழவில்லை. கணக்கொப்பிப்பவர் மாதிரி சொன்னார்.

"சாயங்காலத்திலேர்ந்து கதவையே பார்த்துட்டிருந்தா. யாராவது நடந்தா தலையைத் தூக்குவா. நர்ஸ் வந்தா, வேற யாரோ வந்தா. போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், நீங்க எடுக்கல. அவ கேட்டப்போ, 'கிளம்பிட்டாராம்டி, வந்துட்டே இருக்காராம், கொஞ்சம் முழிச்சிரு'ன்னு சொன்னேன். அப்பவும் பொய்தான். அவளுக்குத்தான் என் பொய்யெல்லாம் சின்ன வயசுலேர்ந்தே தெரியுமே. என்னைப் பார்த்து லேசாச் சிரிச்சா. கோவமெல்லாம் இல்லை மாப்பிள்ளை, சத்தியமா கோவம் இல்லை. கதவுப் பக்கம் பார்க்கிறதை விட்டுட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் தூங்காம உட்கார்ந்தே இருக்கேன்னு தெரிஞ்சுதான் அதைச் சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

"என்ன சொன்னா?"

"'அவன் வர மாட்டான்ம்மா. நீ படு.'"