சாம்பல் தெரு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்பவன் நாக்கு புழுத்துப் போகட்டும். பெற்ற பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம். இதற்கு மேல் சத்தியம் செய்ய வீட்டில் ஆளில்லை.

மேட்டின் மேல் ஏவுகணைத் தடுப்புத் தளம் இருந்தது. அங்கே வரைபடக்காரருக்குக் கணினித் திரையில் ஊருக்கு நிறம் பூசும் வேலை. ஆள் வாழும் தெரு சிவப்பு, வெற்று நிலம் சாம்பல். எதிரி ஏவுகணை கிளம்பினால் அது எங்கே விழும் என்று இயந்திரம் கணக்குப் போடும். சிவப்பில் என்றால் தடுப்பு ஏவுகணையை விட்டு வானத்திலேயே சுட்டு வீழ்த்தும். சாம்பலில் என்றால் விழுந்து தொலையட்டும் என்று கொட்டாவி விடும். வருவதையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது என்பது கமாண்டரின் வாதம்.

வரைபடக்காரரின் நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அவருடைய அக்காள். குப்பைமேட்டுக்குப் பின்னால் வீடு கட்டிக் குடிபோனாள். திரையில் அந்தத் தெரு இன்னும் சாம்பல்.

"ஏன்டா தம்பி, நாங்க உசுரோட இருக்கறது உங்க மிஷினுக்குத் தெரியாதாமே?" என்று மூக்கைச் சிந்தினாள். தம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கமாண்டரிடம் போய் நின்றார். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சிவப்புக்கு ஓர் அளவு உண்டு, ஒரு தெருவை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும் என்றார். "அக்காவக் காப்பாத்துப்பா, யார் வேணாங்கறது? பதிலுக்கு ஒண்ணு குடு."

வரைபடக்காரர் திரையை நெடுநேரம் பார்த்தார். கை தானாகவே மச்சான் தெருவில் போய் நின்றது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். "படத்துக்குக் கலர் அடிக்கறவனுக்கா பொண்ணு குடுத்தோம்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தவர். அந்தத் தெருவில் மற்றவர்களும் இருந்தார்கள்தான். மச்சானுக்குப் பக்கத்தில் குடியிருந்தது அவர்கள் தலையெழுத்து.

நிறம் மாறியதும் மற்ற அலுவலகங்களும் அந்தப் படத்தைப் பார்த்தே நடக்கத் தொடங்கின. ஆளில்லாத இடத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று குழாயை அடைத்தார்கள். பஸ் நிற்காமல் போனது. மச்சான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த முகவரியில் காய்ச்சல் வர வாய்ப்பில்லை என்று டாக்டர் அன்பாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பிறகு ஏவுகணை வந்தது. மச்சான் தெருவில் விழுந்தது. தெரு இருந்த இடத்தில் பள்ளம். ஆளில்லாத இடத்தில் விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை என்று வானொலி சொன்னது, ஊர் கைதட்டியது. சுடுகாட்டிலும் அதையேதான் சொன்னார்கள். யாரும் சாகாதபோது யாரை எரிப்பது? மச்சானும் தெருக்காரர்களும் வண்டியிலேயே கிடந்தார்கள். வெயில் காலம் வேறு.

மனைவி அழவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் தெருவச் சாம்பலாக்கினது யாருன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. அவரு செத்துட்டாருன்னு யாராவது ஒத்துக்கிட்டாப் போதும். செவப்பாக்கிட்டு வாங்க."

கமாண்டர் இந்த முறையும் மறுக்கவில்லை. பதிலுக்கு ஒன்று கேட்டார், அவ்வளவுதான். அக்காள் தெருவில் கை வைக்க வரைபடக்காரருக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம் சொந்தத் தெருவையே கொடுத்தார். பள்ளம் சிவப்பானது. பிணங்கள் எரிந்தன. மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அன்று மாலையே இருவரும் மூட்டைமுடிச்சோடு அக்காள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கவில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார்.

"நிம்மதியாப் போய்ட்டு வாங்க. நாங்க எங்க போயிடப் போறோம்?"

வரைபடக்காரர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

அந்தத் தளத்துக்குத் தடுப்பு ஏவுகணை ஒன்றுகூட இன்றுவரை வந்து சேரவில்லை.