தட்டுக்கு அடியில்

அன்று காலையும் அவர் பற்பசை நுரை காயாத வாயோடு பால்கனிக்குப் போனார். தெருமுனைப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நாற்பத்திரண்டு, பச்சை" என்று வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி அறிவித்தார். ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, துணியை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். நேற்றைப் போலவே கரி.

"உங்க நாற்பத்திரண்டு இதுதானா?"

"உன் துணிக்குப் படிப்பு பத்தாது. அது மிஷின். அதுக்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது."

அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. காற்றின் தூசியை அளக்கும் பெட்டியையும், எண் காட்டும் பலகையையும் நகராட்சி வைத்த நாளிலிருந்து அதுதான் அவருக்குச் சட்டம். ஐம்பதைத் தாண்டினால் படியிறங்க மாட்டார். தாண்டாவிட்டால் இன்ஹேலரைக்கூட அலமாரியிலேயே விட்டுவிட்டு நடக்கப் போவார். அன்றும் விட்டுவிட்டுத்தான் போனார். பேருந்துப் பணிமனைச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இதயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி, வண்டி, சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தது அவளுடைய தம்பிதான். நகராட்சியில் மேற்பார்வையாளன். அக்காவைவிட அவன்தான் அதிகம் அழுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் அவனிடம், நாற்பத்திரண்டில் மனுஷனுக்கு எப்படி மூச்சு நிற்கும் என்று கேட்டாள். அவன் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மின்விசிறி அவள் மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலையில் இருந்தவர். தராசு பொய் சொல்லாது, சொல்ல வைப்பார்கள் என்பார். முள்ளைப் பார்க்காதே, தட்டுக்கு அடியில் பார் என்பார். ஒரு மீன்கடைக்காரர் மென்ற சூயிங்கத்தைத் தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்திருந்தாராம். இவர் அதையும் பிய்த்து எடுத்து, உறையில் போட்டு, தேதி எழுதி, சாட்சியாகச் சேர்த்துவிட்டாராம். இதைச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்பார்!

ஒரு மாதம் கழித்து அவள் தெருமுனைக்கு நடந்தாள். எண்ணைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் பார்த்தாள்.

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. கம்பத்தைச் சுற்றி மட்டும் மண் சேறாகக் கிடந்தது. பக்கத்து மரத்தின் இலைகள் எண்ணெய் தடவியது போல மின்னின. பன்னிரண்டு தப்படி தள்ளி அதே சாதி மரம், இலையெல்லாம் சாம்பல். விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது. கம்பத்தில் கட்டிய தட்டியில் வார்டு உறுப்பினர் கும்பிட்டபடி சிரித்தார், 'பச்சை நம் பெருமை' என்று. அவரும் கழுவித் துடைத்த மாதிரிதான் இருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டோடு அங்கே நின்றாள். தண்ணீர் லாரி வந்தது. பெரிய மீசை வைத்த ஓட்டுநர் குழாயை எடுத்து, வேருக்குப் பாய்ச்சாமல், பெட்டியைச் சுற்றி அந்தரத்தில் தூவினார். வேருக்குத்தானே ஊற்ற வேண்டும் என்று கேட்டாள்.

"மரத்துக்கு யாரும்மா ஊத்துறா? இந்தப் பெட்டியைத்தான் குளிப்பாட்டணும். தேர்தல் முடியற வரைக்கும் ஐம்பதுக்குள்ளயே நிக்கணுமாம். பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி தினமும் தலைக்கு ஊத்தி விடறேன்."

அவர் எதையும் மறைக்கிறவராகத் தெரியவில்லை. தண்ணீர் திருடுகிறார் என்று இவள் நினைத்துவிடுவாளோ என்றுதான் அவருக்குக் கவலை. "அதிகாரி கையெழுத்தோட இருக்கு, பாருங்க" என்று லாரியின் பயணப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

வேலை: மரங்களுக்கு நீர். கீழே, பட்டம் போல நீண்ட வாலோடு ஒரு கையெழுத்து. அந்த வால் அவளுடையது. பள்ளிக்கூட நாளில் தம்பியின் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அதைப் பார்த்துப் பார்த்து அவன் பழகிக்கொண்ட வால்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். அந்தத் தேதியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். அவள் இரண்டு இலைகளை மேசைமேல் வைத்தாள், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். அவன் பார்த்தான். என்ன இலை என்று கேட்கவில்லை.

"அத்தான் அந்த நம்பரைப் பார்த்துட்டுத்தான் கீழே இறங்குவார்னு உனக்குத் தெரியுமாடா?"

அவன் ஒரு பழத்தை முழுசாக உரித்து முடித்தான். "தெரியும். எனக்கே போன் பண்ணி நம்பர் சொல்லுவாரே."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"மேலேருந்து சொன்னாங்க. தண்ணிதானேக்கா தெளிச்சேன், விஷமா? தூசு அடங்கினா அவருக்கும் நல்லதுதானேன்னு..." என்று இழுத்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, "நான் போடலேன்னா வேற ஒருத்தன் போடுவான்" என்றான்.

"வேற ஒருத்தன் என் தம்பி இல்லை."

உரித்த பழத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. அன்று அந்த எண் உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும்? இதயமா, காற்றா? இனி எந்தக் கருவியும் அளந்து சொல்லப்போவதில்லை. இலைகளை இரண்டு உறைகளில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, அவர் இன்ஹேலருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. பலகையில் நூற்றெழுபத்தெட்டு, சிவப்பு. கையெழுத்துப் போட மாட்டேன் என்ற தம்பியை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம், அவன் மனைவி போனில் சொன்னாள். குரலில் கோபம் இருந்தது. புதன்கிழமை பலகையே அணைந்திருந்தது. 'பராமரிப்புப் பணி' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

அவள் ஜன்னல் கட்டையைத் துடைத்துத் துணியை விரித்துப் பார்த்தாள். கரி. பச்சை எரிந்த நாளில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவே.