சமைத்தவரைக் கூப்பிடுங்கள்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மனிதநேயம், மன்னிப்பு என்றெல்லாம் எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. இதற்கு முன் பத்திரிகைகளில் நாலைந்து கதை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கணவர்கள் கடைசிப் பத்தியில் திருந்திவிடுவார்கள். இதில் அந்த வசதி கிடையாது.

கதாநாயகர் ஒரு சாப்பாட்டு ரசிகர். பெரிய ஓட்டல்கள் அவருக்கு ஆகாது. சந்துக்குள் நாலு மேசை போட்ட கடை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, மீன் மார்க்கெட்டை ஒட்டி நின்றுகொண்டே சாப்பிடும் இடம், இப்படித் தேடித் தேடிப் போவார். ஞாயிறு என்றால் நண்பர்களோடு கிளம்பிவிடுவார். அவர்கள் அவரை 'நாக்கு சார்' என்பார்கள். கதையிலும் அதுவே இருக்கட்டும். அவருக்கு உட்கார்ந்து ஒரு பெயர் யோசிக்க எனக்கு மனசு வரவில்லை.

கதாநாயகி அவர் மனைவி. அது நான்தான். [இதைக் கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. மறைத்து மறைத்து எனக்கே அலுத்துவிட்டது.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அன்று மதியம் கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தபோது..." (ஆவி பறக்காத கிண்ணம் எந்தக் கதையில் இருக்கிறது? வேண்டாம்.)

"அவர் நல்லவர்தான், ஆனால்" (இந்த 'ஆனால்' போட்டே எத்தனை வருஷம் ஓட்டியாச்சு.)

"நாக்கு சாருக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது."

இது தேவலாம். இதிலேயே தொடங்குகிறேன்.

நாக்கு சாருக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எந்தக் கடையில் சாப்பிட்டாலும், கை கழுவிய ஈரத்தோடு நேராகச் சமையலறை வாசலுக்குப் போவார். "சமைச்சவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்பார். உள்ளேயிருந்து யாராவது வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்ன குறையோ ஏதோ என்று பயந்துபோய் வருவார்கள். இவர் அவர்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். உப்பு எப்படி அளவாக நின்றது, கறி எப்படி வாயில் கரைந்தது, கடைசியில் தூவிய மிளகு எப்படித் தூக்கிக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாராட்டுவார். ஒரு கடையில் ஒரு ஆள் அழுதேவிட்டாராம். "வயிறார சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம வர்றவன் மனுஷனே இல்ல." இது அவருடைய கொள்கை. அந்தக் கூட்டத்துக்கே அதுதான் சட்டம்.

வீட்டில் சாப்பிடும்போது அவர் சொல்லும் ஒரு வார்த்தை: "தண்ணி."

(இடைக்குறிப்பு: மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். சரி, சில நாள் "ஃபேனைப் போடு" என்றும் சொல்வார்.)

3

மனைவி பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வாய் இருக்கிறதல்லவா, கேட்க வேண்டியதுதானே என்று வாசகர் எரிச்சல்படுவார். கேட்டாள் ஐயா, கேட்டாள். கல்யாணமான புதிதில், பிறகு ஒரு பிறந்தநாளில், பிறகு சும்மா ஒரு நாள்.

"எப்படி இருக்கு?"

"சாப்பிட்டுட்டுத்தானே இருக்கேன். நல்லா இல்லன்னா சொல்ல மாட்டேனா?"

இதற்குமேல் என்ன கேட்பது? பாராட்டைக் கெஞ்சி வாங்கினால் அது தொண்டைக்குள் இறங்குமா?

நண்பர்களையாவது ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், சமைத்துப் போடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு அவங்க வந்து சாப்பிடப்போறாங்க?" என்றார். அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நேரில் தெரியாது. அவர் போனில் இருக்கும் படங்களில் பார்த்ததோடு சரி.

பிறகு நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் மதியச் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். அங்கேயே ஒரு பானை எலும்பு சூப் வைத்துக் காட்டினேன். முதலாளியம்மா ஒரு வாய் குடித்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை, இன்னொரு வாய் குடித்தாள்.

"நாளைக்கே வந்துடுங்கக்கா. அடுப்பு உங்களோடது. நான் உள்ள தலையே காட்ட மாட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. இதைக் கதையில் எழுதினால் மலிவாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், வந்தது வந்ததுதானே.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன்.

"சமையல் வேலையா? ஓட்டல்லயா?"

"ஆமாங்க. சின்னக் கடைதான்."

"உன் இஷ்டம். வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத. ஆபீஸ் வேலைன்னே இருக்கட்டும்."

எந்தக் கடை, எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரிலுள்ள அத்தனை சந்துக் கடையும் மனப்பாடமாகத் தெரிந்த மனுஷர்.

[இங்கே ஒரு முழுப் பத்தியை அடித்துவிட்டேன். அதில் நல்ல வார்த்தையாக ஒன்றுகூட இல்லை.]

4

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் உண்டு. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் பல்லுக்கு வேலை தேடி அலைகிறவர். புதுக் கடை கண்டுபிடிப்பதில் கில்லாடி. போன ஞாயிறு அவர்தான் எல்லாரையும் எங்கள் கடைக்குக் கூட்டி வந்தார்.

தட்டு நீட்டும் சன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் டாக்டர். பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர்.

எனக்கு அப்போது என்ன ஆனது தெரியுமா? சந்தோஷம். வெட்கமே இல்லாமல் சந்தோஷம். ஏப்ரனைச் சரிசெய்துகொண்டேன். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டேன். இன்றைக்குத் தெரிந்துவிடும், தப்பிக்கவே முடியாது, அவர் சட்டம் அவரையே இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தப்போகிறது என்று நினைத்தேன். அவர்களுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. எல்லாருக்கும் ஊற்றிய அதே பானையிலிருந்துதான் ஊற்றினேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒரு சமையல்காரிக்கு அதைவிட நல்ல சத்தம் கிடையாது. பிறகு நாக்கு சார் குரல்: "அடடா." இன்னொரு கிண்ணம் கேட்டார். அதற்குப் பிறகு இன்னொன்று. கிண்ணத்தில் கரண்டி சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

நாற்காலி நகர்ந்தது. குழாயில் தண்ணீர் ஓடி நின்றது.

"சமைச்சவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

5

நான் வெளியே வந்ததும் என்ன நடந்தது? எழுதி வைத்திருக்கும் வடிவங்கள்:

அ. அவர் கண் கலங்குகிறது. "இவங்க என் மனைவி" என்று நண்பர்களிடம் சொல்கிறார். (பழைய கதைகளில் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதின கையை உடைக்க வேண்டும்.)

ஆ. மனைவி சூப்பை அவர் தலையில் கவிழ்க்கிறாள். (நல்ல சூப். பாவம்.)

இ. நடந்தது.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்த்த முகம், எனக்குத் தெரியாதா? ஒரு நொடி வாய் திறந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு உயிரே கையில் வந்து நின்றது. அப்புறம் வாயை மூடி, எல்லாச் சமையல்காரர்களுக்கும் சிரிக்கிற சிரிப்பை எனக்கும் சிரித்தார்.

"பிரமாதம்மா. இந்த மாதிரி ஒரு சூப்பு நான் வாழ்க்கையில குடிச்சதில்ல." என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எலும்பை முதல்ல வறுத்துட்டுத்தானே போடுறீங்க? அதான் அந்த நிறம்."

உண்மை. வறுத்துவிட்டுத்தான் போடுவேன். வீட்டிலும் அப்படித்தான்.

"எங்க சார் சொல்லிட்டார்னா அதுக்கு அப்பீலே இல்லம்மா" என்றார் பல் டாக்டர். "நீங்க குடுத்து வெச்சவங்க."

"நன்றிங்க" என்றேன்.

(வாசகர் குறுக்கிடுகிறார்: நான் இவர் பொண்டாட்டி என்று அங்கேயே போட்டு உடைக்க வேண்டியதுதானே? வேண்டியதுதான். ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய வரி. அவர் வரியையும் நானே எழுதி, நானே பேசி, எத்தனை காலம்?)

6

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுகூட அவருக்காக வசனம் தயார் செய்துகொண்டு போனேன். "அவங்க முன்னாடி கூச்சமா இருந்துச்சு" என்று ஒரு வரி சொன்னால் போதும், அழுதுவிட்டு விட்டுவிடலாம் என்றிருந்தேன். அவ்வளவு மலிவாகக் கிடைப்பவள் நான்.

அவர் சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு நாளாவது இப்படி ஒரு சூப்பு வெச்சிருக்கியா நீ?"

"அதே சூப்புதாங்க. போன வாரம்கூட வெச்சேன். குடிச்சீங்க."

"போடி. அது வேற, இது வேற."

அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பொய் என்றால் சண்டை போடலாம். அவர் நாக்குக்கு நிஜமாகவே அது வேறு சூப். நான் வைத்தது என்று தெரியாதவரை அமிர்தம்.

"அடுத்த ஞாயிறும் வர்றாங்களாம். டாக்டர் இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றார். நீ பாட்டுக்கு ஏதாவது உளறி என் மானத்தை வாங்கிடாத."

பிறகு ஃபேனைப் போடச் சொன்னார். போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

7

அந்த அடுத்த ஞாயிறு இன்றைக்குத்தான். கடைச் சமையலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அரிசி மூட்டைமேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே பேச்சு நின்றுவிட்டது. குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, பின்வாசல் வழியாக" (கழற்றுவதா? இந்த அடுப்பு என்னுடையது. போக வேண்டியவள் நானா?)

"அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்து" (பார்ப்பேன். பார்த்துவிட்டு 'நன்றிங்க' என்பேன். என் வாய் எனக்குத் தெரியும்.)

முதலாளியம்மா எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, போன வாரம் வந்தவங்க உங்களைக் கூப்பிடுறாங்க."

எனக்கு அவர் பாராட்டு வேண்டாம். அது வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் நடுவே, இவள் என்னுடையவள் என்று ஒரு தடவை அவர் வாயால் வர வேண்டும். வராவிட்டால் இன்றைக்கு நான் அந்த வீட்டுக்குப் போகப்போவதில்லை. முதலாளியம்மா வீட்டு மாடியறையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

என்னால் இதற்குமேல் எழுத முடியாது. வாசகரே, நீங்கள் போங்கள். உங்களை அவருக்குத் தெரியாது, அதனால் உங்களிடம் மரியாதையாகத்தான் பேசுவார். ஈரக் கையோடு வாசலில் நிற்பார். நண்பர்கள் பின்னால் நிற்பார்கள். "சமைச்சவங்க இல்லையா?" என்பார். "இருக்காங்க சார், வருவாங்க" என்று சொல்லுங்கள். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, ரொம்பச் சாதாரணமாகக் கேளுங்கள்:

"சார், உங்க வீட்டம்மா நல்லா சமைப்பாங்களா?"

அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. முணுமுணுத்தாலும் பரவாயில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், எனக்குக் கேட்கும்.