வவ்வால் பாட்டின் கடைசி மூன்று சுரம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. வங்காளத்து நியூ டவுனில் எங்கள் ஃப்ளாட்டுக்கும் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் துணி அலமாரி, இந்தப் பக்கம் என் எழுத்து மேஜை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாரோ அலமாரிக்குள் உட்கார்ந்து மெலோடிகா வாசிக்கிறார்கள். வாயால் ஊதிக்கொண்டே விரலால் கட்டை அழுத்துவார்களே, அந்தச் சின்ன வாத்தியம். எதற்கு அலமாரி? மண்டை குடைந்தது. லிஃப்டில் பக்கத்து ஃப்ளாட்டுப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன்.

"உள்ள கம்பளி, போர்வையெல்லாம் இருக்கே, எதிரொலி வராது. ஏரோப்ளேன் சத்தமும் கொஞ்சம் அடங்கும்" என்றாள். அதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

பாகீரதி ஒரு சோகமான மாலையில்

வேண்டாம். சோகத்தில் இருப்பவள் அலமாரிக்குள் புகுந்து ஊதமாட்டாள். மறுபடி.

பாகீரதிக்கு முப்பது தாண்டியாயிற்று. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா விஸ்வநாதனோடு இருக்கிறாள். அவளுக்கு இணையத்தில் ஒரு கூட்டம் உண்டு: வீடியோ கேமில் பின்னணியாக ஓடும் இசைமேல் பைத்தியமானவர்கள். சிலர் கேட்பதோடு சரி, சிலர் கையில் கிடைத்த வாத்தியத்தில் வாசித்து ஏற்றுவார்கள். நடத்துபவன் ஜாதவ்பூர்க்காரன், சந்தீப்.

[குறுக்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கேம் இசைக்கு முடிவே கிடையாது. ஆடுகிறவன் எப்போது சாவான் என்று யார் கண்டது? அதனால் பாட்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும். அதை எடுத்து வாசிக்கிறவனுக்குத்தான் தலைவலி, எங்கே நிறுத்துவது? சந்தீப் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறான்: சத்தத்தை மெல்லக் குறைத்து நழுவக் கூடாது, முடிவை நீயே செய்ய வேண்டும். பதிவில் பெயர் இருக்காது. பதில் சொல்வதானாலும் சத்தமாகத்தான் அனுப்ப வேண்டும், எழுதக் கூடாது. கதை எழுதுகிறவர்களுக்கும் யாராவது இப்படிப் போட்டால் தேவலை.]

3

இந்த மாதம் குழு எடுத்துக்கொண்டது வவ்வால் பாட்டு. பழைய பட்டன் போன் ஒன்றில், குகைக்குள் வவ்வால் பறக்கும் ஆட்டத்துக்கு ஓடியது. பாகீரதி வளர்ந்ததே அதில்தான். அப்பா சாயங்காலம் வங்கியிலிருந்து வந்து போனைத் தருவார். நாளெல்லாம் பேசித் தீர்த்து, உயிர் போகிற நிலையில் இருக்கும். அவளும் தம்பி கோபுவும் அடித்துக்கொண்டு ஆடுவார்கள். பாட்டு இரண்டு சுற்று வருவதற்குள் சார்ஜ் தீரும் எச்சரிக்கை, மூன்று சுரம். உடனே கூடத்திலிருந்து அப்பா கத்துவார்: "கோபு, சார்ஜ் போடு!" கோபு ஓடிப்போய்ச் செருகுவான். போன் பதிலுக்கு டிங் என்று ஒரே ஒரு சுரம் பாடும்.

அந்த மூன்று சுரமும் பாட்டோடு சேர்ந்தது என்றே இருவரும் பல வருஷம் நம்பியிருந்தார்கள். பாவம், குழந்தைகள்.

இப்போது பெயரில்லாத பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். யாரோ கீபோர்டில் வாசித்திருக்கிறார்கள். கடைசியில், பாட்டில் இல்லவே இல்லாத அந்த மூன்று சுரம்.

(அந்த போன் லட்சக்கணக்கில் விற்றதாயிற்றே, அந்தத் தப்பை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாமே என்பீர்கள். நானும் அங்கேதான் தடுக்கி விழுந்தேன். ஆகையால் போனை இட்லி மாவு வாளியில் போட்டேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு போனில் மூன்றாவது சுரம் மட்டும் தொய்ந்து, அரைச் சுரம் கீழே அழும். பதிவிலும் அது தொய்ந்து அழுதது.)

"ஐயோ, கோபு" என்றாள் பாகீரதி.

4

கோபு ஏன் போனான்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். காதல், சரிப்படவில்லை. கடன், சலித்துப்போன சமாசாரம். கடைசியில் இது நின்றது: ஜாதவ்பூரில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டுக் குழுவோடு போகிறேன் என்றான். அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். அதையாவது தாங்கியிருப்பான். அக்காவும் சேர்ந்துகொண்டு, "போனா போ. அப்பாவுக்கு நான் இருக்கேன்" என்றாள். போனவன் நம்பரையே மாற்றிவிட்டான். மூன்று துர்கா பூஜை, மூன்று வருஷம், போயிற்று. அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை.

5

சந்தீப்பைக் கூப்பிட்டாள். (பேசியது வங்காள மொழியில், தமிழ் என்னுடையது. தீதி என்றால் அக்கா.)

"பேர் மட்டும் கேக்காதே, தீதி. சட்டம் சட்டம்தான்."

"என் தம்பிடா அவன்!"

"அப்ப இன்னும் சுலபம். வாசிச்சுக் கேளு."

இந்த இடத்தில் அவள் பிரமாதமாக ஒன்றை வாசிக்கிறாள், கோபு கண்ணீரோடு

சே. அடித்துவிட்டேன். அவள் ஒன்றும் அப்படிப் பெரிய வித்வான் இல்லை.

6

ஞாயிறு காலை அலமாரிக்குள் உட்கார்ந்தாள். புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மைக்கை ஓடவிட்டாள். அவன் வாசித்ததை ஒருமுறை போட்டுவிட்டு, அது முடிந்த கையோடு தான் தொடர்வது என்று திட்டம். எதைத் தொடர்வது? 'மன்னிச்சுக்கோடா' என்பதற்கு எந்தக் கட்டையை அழுத்துவது? போனில் பாட்டு ஓடியது, சுற்றியது. முதல் சுரம், இரண்டாவது, தொய்ந்துபோன மூன்றாவது.

கூடத்தில் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் அப்பா கத்தினார்:

"கோபு, சார்ஜ் போடு!"

அப்புறம் பேப்பர் தரையில் விழும் சத்தம். "பாகீ... என்னடி அது? யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார்.

மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது. பாகீரதி மெலோடிகாவைத் தொடவே இல்லை.

7

அப்பா குரலை வெட்டியிருக்கலாம். சுத்தமான பதிவு என்று ஒரு கௌரவம் இருக்கிறதே. தயங்கித் தயங்கிக் கடைசியில் அனுப்பாமலே விட்டிருக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே நழுவல்தான். அவள் அனுப்பிவிட்டாள், அப்பா குரலோடு, ஒரு சொல்லும் எழுதாமல்.

இனி என் கையில் ஒன்றும் இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் அலமாரி வாசலில் தரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கேயோ கோபுவும் அதைக் கேட்டிருப்பான். அவன் பதிலுக்கு வாசிக்க வேண்டியது ஒரே ஒரு சுரம். அது எது என்று உங்களுக்குத் தெரியும். அவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வாசிப்பானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், பெரியவர் காத்துக்கொண்டிருக்கிறார்.