சகலை பக்கத்து ஓடு

மற்றவர்களின் மனைவிமார் கோபித்துக்கொண்டால் தாய்வீட்டுக்குப் போவார்கள். என் மனைவி அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே இருப்பது அவள் தங்கை. தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, பஸ் கண்டக்டர். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே ஓட்டுக்கூரை என்று இரண்டு வீடு கட்டி, பெண்ணுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனவர் என் மாமனார். எல்லாவற்றிலும் கெட்டிக்காரர், மாப்பிள்ளை பார்த்ததில்தான் கோட்டை விட்டார்.

சண்டை கூரையால் வந்தது. மழை பெய்தால் என் தையல் மெஷின் மேல் சொட்டும். மெஷினை நகர்த்தினேன், கட்டில் மேலும் சொட்டியது. ஓடு மாற்றுகிறவரைக் கூட்டி வந்தேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒடைஞ்ச ஓடு உங்க பக்கம் இல்லீங்க. அவர் பக்கம். தண்ணி அங்க எறங்கி, கட்டையப் புடிச்சிக்கிட்டே நடந்து வந்து உங்க வீட்டுல சொட்டுது."

இதைச் சகலையிடம் போய்ச் சொன்னேன்.

"என் வீட்டுல ஒரு சொட்டு விழுதா?" என்றார்.

"விழல சகலை. ஆனா ஏறுறது உங்க பக்கம்."

"எங்க ஏறுச்சுன்னு நான் பாக்கல. எறங்குன எடம் உங்க வீடு. அப்ப அது உங்க தண்ணி. என் ஓட்டுல எவனாவது கால வச்சா, ஆள மேலயே விட்டுட்டு ஏணிய எடுத்துருவேன்."

சரி, என் பக்கத்தையாவது மாற்றுங்கள் என்றேன் ஓட்டுக்காரரிடம். "பாதிக் கூரைய மாத்துனா மழை பாதிதான் பெய்யுமா?" என்று கேட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

அன்றோடு எங்கள் பேச்சுவார்த்தை நின்றது. என் மனைவி அந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். தன் மனைவிக்கு அவரும் அதையே போட்டார். கலந்து பேசாமலே நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவதில், கொதிக்கிற சோற்றுப் பானைக்குள் சொட்டியது. என் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

"கூரை ஒழுகாத அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

பிள்ளைகள் இருவரையும் தலையணைகளையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள். சட்டத்தை ஞாபகப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் நானும் நாலைந்து பாத்திரங்களும். அவள் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்தது.

ஒரு மத்தியானம் சகலை தலையணையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"உங்க பசங்க என் கட்டில்ல குதிக்கிறாங்க. அக்காளும் தங்கச்சியும் பேச்ச நிறுத்துற பாடா இல்ல. டியூட்டி முடிஞ்சு வந்த மனுஷன் எங்க படுக்குறது?"

எனக்கு வாயெல்லாம் பல். கட்டிலைக் காட்டினேன். படுத்தார். மூக்கில் ஒரு சொட்டு. தலையைத் திருப்பினார்; காதில் ஒரு சொட்டு. துள்ளி எழுந்தார்.

"ஓட்டை உங்க பக்கந்தான். நானே காட்டுறேன்!" என்று கொட்டுகிற மழையில் ஏணி போட்டு ஏறினார். கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஏணியை எடுக்கக் கை துறுதுறுத்தது. மச்சினி முகத்துக்காக விட்டேன்.

தொப்பலாக நனைந்து இறங்கினார். வெகுநேரம் தலையையே துவட்டினார்.

"நாளைக்கு அந்த ஓட்டுக்காரர வரச் சொல்லுங்க. என் பக்கமும் சும்மா ஒரு பார்வை பாத்துறட்டும்."

வேலை முடிந்தது. அடுத்த மழைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. தலைவாரிக்கொண்டு மனைவியை அழைக்கப் போனேன்.

"ஒழுகல. வா, போலாம்."

அவள் அசையவில்லை. "கூரை ஒரு சாக்குங்க. போன வருஷம் இவ காய்ச்சல்ல கெடந்தா. ராப்பகலா இருமுனது எனக்குச் சுவர் வழியாக் கேட்டுச்சு. ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுக்க என்னால வர முடியல."

மச்சினி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சகலைக்கும் தெரியவில்லை.

ஏணியை எடுத்துப்போக ஓட்டுக்காரர் வந்திருந்தார். என் மனைவி அவரிடம் கேட்டாள். "அண்ணே, இந்த நடுச்சுவத்துல ஒரு கதவு வைக்க முடியுமா?"

"தாராளமா வைக்கலாம்மா."

"வைக்கட்டும்," என்றேன்.

"வைக்கட்டும்," என்றார் சகலையும். "தாழ்ப்பாள் எங்க பக்கந்தானே?"

"அதெப்படி? எங்க பக்கம்."

"ஏன், உங்க பக்கம் என்ன ஒசத்தி?"

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கதவே வேணாம்ண்ணே. வழிய மட்டும் ஒடைச்சு விடுங்க."

அவர் சுத்தியல் எடுக்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் இருந்த சாமான்களை நகர்த்த ஆரம்பித்தோம்.