நாலு கண்ணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாகறலில் எல்லம்மாள் என்றால் ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் நிலம் அளந்த அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. என் வீட்டுக்காரர் வைக்கோல் போரில் அரிவாளைச் செருகி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் பெயர் தாண்டவராயன். தம்பி வரதன். அப்பா விட்டுப்போன நிலத்தில் ஆளுக்குப் பாதி, நடுவில் ஒரு வரப்பு. வரப்பு நகர்ந்துவிட்டது என்று தம்பி சொல்ல, "அண்ணனத் திருடன்றியா?" என்று இவர் எகிற, இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. நானும் வரதன் பெண்டாட்டி மங்கம்மாவும் குழாயடியில்கூட முகம் பார்ப்பதில்லை. கடைசியில் தம்பி சர்வேக்கு எழுதிப் போட்டான்.

சர்வேயரோடு சங்கிலி பிடிக்க வருகிறவர் மணவாளன், உத்திரமேரூர்க்காரர். அளவுக்கு முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய் அரிவாள் விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

"போலீசுக்குப் போனா அவரு மானம் பூடும். போவலன்னா உசுரு பூடும். நான் இன்னா பண்றது அண்ணா?"

அவர் வேறு எதையோ கேட்டார். "ரெண்டு பேரும் முன்ன எப்டிம்மா இருந்தாங்க?"

"ஒண்ணா ஏத்தம் எறைச்சவங்க. இவரு மேல ஏறி மிதிப்பாரு, அவன் கீழ சால் புடிப்பான். மோட்டார் வந்தப்புறம் அதுவும் போச்சு."

"சரி, நீ வூட்டுக்குப் போ" என்றார், அவ்வளவுதான். கல்லுப் பிள்ளையாரிடம் முறையிட்டாலும் பலன் இருக்கும் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை சர்வேயர் படத்தை விரித்தார். மணவாளன் தனியாக வந்திருந்தார். மறுமுனை பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சலாம். காய்ச்சலாவது கத்தரிக்காயாவது!

"நீங்க ரெண்டு பேருந்தான் புடிக்கணும்" என்று சங்கிலியின் ஒரு கைப்பிடியை எங்கள் எல்லைக்கல்லில் நின்ற இவரிடம் கொடுத்தார். மறுமுனையை வரப்பில் நின்ற வரதனிடம் கொடுத்தார். "ரெண்டு கையாலயும் புடிங்க. தொங்குச்சின்னா அளவு தப்பாப் பூடும்."

"அவன இழுக்கச் சொல்லு" என்றார் இவர் மணவாளனிடம்.

"எனக்கு ஒரு காது மந்தம். நீங்களே சொல்லுங்க."

சங்கிலி தரையில் கிடந்தது.

"இழுறா!" இவர்தான் கத்தினார்.

"இழுத்துக்கினுதான் கீறேன். நீ கொஞ்சம் தளத்துண்ணா!"

சங்கிலி விறைத்தது. ஏற்றத்தில் கேட்ட அதே கூவல். ஆனால் நிம்மதி எங்கே நிலைத்தது? சர்வேயர் குனிந்து எண்ணினார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார்.

"நாலு கண்ணி அதிகமா வருது. வரப்பு தம்பி பக்கம் போயிருக்குது."

கண்ணி என்பது சங்கிலியில் ஒரு வளையம்; நாலு கண்ணி என்றால் நாலு சாண்கூட வராது. இவர் முகம் கறுத்துப்போனது.

"வேணும்னு யாரும் தள்ளல. வருசா வருசம் ஏரு ஓட்டறப்போ கரைஞ்சிக்கினே போயிருக்கும். திருட்டு இல்ல இது" என்றார் மணவாளன். அதை வரதனைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் இவரைப் பார்த்து, "கைப்பிடிய விட்றாதீங்க. ரெண்டையும் ஒண்ணு சேத்தாத்தான் மடிக்க முடியும். தம்பிகிட்ட எடுத்துக்கினு போங்க" என்றார்.

தம்பியிடம் போகிற வழியில்தான் வைக்கோல் போர்.

இவர் நடந்தார். பின்னால் சங்கிலி கலகலவென்று இழுபட்டது. போரண்டை வந்ததும் நின்றுவிட்டார். ஐயோ மாரியாத்தா, நான் செத்தேன்! பக்கத்தில் யாரோ என் கையை நசுக்கினார்கள். மங்கம்மா. அவள் எப்போது வந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

இவர் போரைப் பார்த்தார். கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

வரதன் தன் கைப்பிடியை நீட்டினான். இவர் அதோடு தன்னுடையதைச் சேர்த்துப் பிடித்தார்.

"மமட்டி எடுத்தாடா. வரப்ப நானே வெட்டிப் போடறேன்."

"நீ மட்டும் ஏண்ணா? ரெண்டு பேருமா போடலாம்."

மங்கம்மா என் கையை விடவில்லை. "அக்கா, எங்க வூட்டுக்காரரு மோட்டார் கொட்டாயில வெச்சிக்கீறாரு" என்றாள்.

"இன்னாத்த?"

"அருவாள. முந்தாநேத்தே மணவாளன் அண்ணாகிட்ட போயி அழுதுட்டு வந்தேன்."

என் புருஷன் கொன்றுவிடுவார் என்று மட்டும்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவரும் சாகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு அரிவாளும் தெரிந்துதான் அந்த மனுஷர் நடுவில் வெறுங்கையோடு நின்றிருக்கிறார்.

அண்ணனும் தம்பியும் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தபோது நான் போருக்குப் போனேன், அவள் கொட்டகைக்குப் போனாள். இரண்டு அரிவாளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

"யாராச்சும் கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"புல்லறுக்கப் போனோம்னு சொல்லு" என்றேன்.

இரண்டு வருஷத்தில் நான் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான். சொன்னபிறகுதான் அழுகை வந்தது.