குட்டை மைக்

அன்று காலை என் வீட்டுக்காரர் குட்டை மைக்கை எடுத்து பூம் கம்பின் நுனியில் மாட்டியபோது எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. புருஷன் எடுக்கிற மைக்கைப் பார்த்து எந்தப் பெண்டாட்டியாவது சந்தேகப்படுவாளா என்று கேட்காதீர்கள். வேறு எந்தப் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியும்?

சினிமா படப்பிடிப்பில் வசனம் பதிவு செய்வது எங்கள் இருவருடைய வேலை. அவர் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, பேசுகிறவருடைய வாய்க்கு நேராக மைக்கைத் தொங்கவிடுவார். நான் பக்கத்து அறையில் மிக்சர் முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்து பதிவு செய்வேன். எங்களிடம் இரண்டு மைக். நெட்டை மைக் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் குரலைப் பிடித்துவிடும். குட்டையை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அது வேலை செய்யும். கல்யாணமானதிலிருந்து அவருக்கு நெட்டைதான் செல்லப்பிள்ளை. இந்தப் படத்துக் கதாநாயகி வந்த பிறகுதான் குட்டைமேல் இப்படி ஒரு பாசம்.

"சின்ன ரூம், சுவரெல்லாம் டைல்ஸ். நெட்டைய வெச்சா எதிரொலி அடிக்கும்" என்றார்.

"அப்ப நேத்து அந்தப் பெரிய ஹால்ல? அங்க எந்தச் சுவர் வந்து உங்கள இடிச்சுது?"

அவர் கம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹெட்போனில் எனக்கு எதையும் மறைக்க முடியாது. மற்றவர்கள் பேசும்போது மைக் இரண்டு முழம் தள்ளி நிற்கும். அவள் வாயைத் திறந்தால் போதும், சர்ரென்று இறங்கி ஒரு சாணுக்கு வந்துவிடும். அவள் எச்சில் விழுங்குவதுகூட என் காதில் விழும். அந்த மைக்கைப் பிடித்திருக்கிற கை யாருடையது? என்னைக் கட்டியவருடைய கை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக என் கையை விட்டுப் போகிறார், அதை நானே உட்கார்ந்து பதிவும் செய்துகொண்டிருக்கிறேன். இப்படி ஒரு தலையெழுத்து யாருக்கு வரும்?

இத்தனைக்கும் அவளுக்கு ஒழுங்காகப் பேசவும் வராது. காற்றில் ஊதிவிட்ட மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வார்த்தையின் கடைசியையும் விழுங்கிவிடுவாள். நான் "இன்னொரு டேக்" என்பேன். டைரக்டர் அவளிடம் எரிந்து விழுவார். உடனே என் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். அவள் திட்டு வாங்கினால் இவருக்கு ஏன் வாட வேண்டும், சொல்லுங்கள்.

அன்றைக்கு அவள் போனில் தனியாகப் பேசுகிற காட்சி. முதல் டேக்கில் விழுங்கினாள். இரண்டாவதிலும் அதேதான். மிக்சரில் குரல் அளவைக் காட்டுகிற விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. ஆனால் நான் விளக்கையா நம்புவேன், என் காதையா? மூன்றாவது டேக் முடிந்ததும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவள் என் வீட்டுக்காரரிடம் ஏதோ குசுகுசுவென்று சொல்ல, அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னோடு பேசும்போது அந்தத் தலை ஒரு பக்கமாவது அசையுமா?

போதும்டா சாமி என்று எழுந்தேன். "சார், இவங்களுக்கு பூம் ஒத்து வரல. காலர் மைக் மாட்டிடறேன்" என்று டைரக்டரிடம் சொன்னேன்.

"துணி மொடமொடன்னு இருக்கும்மா, உரசுற சத்தம் வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உரசுறத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவளை ஒப்பனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். காலர் மைக்கை உள்பக்கமாக வைத்து ஊசி குத்த வேண்டும். ஊசி என் கையில், அவள் கழுத்து என் முன்னால். ஆண்டவன் எவ்வளவு நல்லவன்!

"அக்கா, என் மேல கோவமா?"

"எனக்கென்ன கோவம்? நிமிந்து நில்லு."

"அந்த மைக் தலைமுடியில இடிக்கிற மாதிரியே வருது. பேசவே கூச்சமா இருக்கு. தள்ளி வைங்கன்னு நான்தான் முன்னாடியே கேட்டேன். அப்பதான் அண்ணன்..." என்று நிறுத்தினாள்.

"அண்ணன்?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு. ஊசி குத்தப் போறேன், ஆடாம சொல்லு."

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருதாம். என்னை மாதிரி மெல்லிசுக் குரல்னா கடைசி எழுத்து கேக்கலையாம். கிட்ட வெச்சா கொஞ்சம் கேக்குதாம். உங்ககிட்ட சொல்லிடாதன்னு என் கையப் புடிச்சுக் கேட்டாரு. அதான் டைரக்டர் எவ்ளோ திட்டினாலும் நான் வாயத் தொறக்கல."

காது போனால் என் பிழைப்பே போச்சு. அதுதான் எனக்கு முதலில் உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. கையைப் பிடித்தாராம்! என் காது, என் தலையில் இருக்கிற காது. அதைப் பற்றி என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொன்னாராம். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருக்கிறது என்று நான் நினைத்தது சரிதான். அந்த ரகசியமே நான்தான்.

ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டி, என் வீட்டுக்காரர் காதுக்கு மட்டும் பேசுகிற பொத்தானை அழுத்தினேன்.

"அவகிட்ட சொன்னத என்கிட்ட சொல்லுங்க."

கதவு வழியாக என்னைப் பார்த்தார். விளக்கடியில் அத்தனை பேரும் காத்திருக்க, கம்பை மெதுவாக இறக்கி மைக்கைத் தன் வாய்க்கு நேராகத் திருப்பினார்.

"உனக்குக் காது சரியா கேக்கலம்மா. டாக்டர்கிட்ட போலாம்னு சொல்ல எத்தனையோ தடவ வாயெடுத்தேன். வரல."

"அவகிட்ட மட்டும் வந்துச்சா?"

"அவ அழமாட்டாளே."

அவருடையது கட்டைக் குரல். ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. அப்போதுதான் இன்னொரு ஹெட்போனை எடுத்து மாட்டியிருந்த டைரக்டருக்கும் தவறியிருக்காது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்தினேன்.

"குட்டையே இருக்கட்டும். எல்லாருக்கும் வெக்கிற தூரத்துல வைங்க."

"வேணாம்மா."

"வைங்கன்னா வைங்க."

மைக் மேலே போனது. கேமரா ஓடியது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினாள். நான் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பாதி வந்தது, மீதி வரவில்லை.

"கட்" என்ற டைரக்டர், வாசலில் வந்து நின்று, என்றைக்கும் இல்லாத பணிவோடு கேட்டார். "எப்படிம்மா? இன்னொரு டேக் போலாமா?"

அவருக்குப் பின்னால் அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"வேணாம் சார்" என்றேன். "அவ ஒழுங்காத்தான் பேசுனா. எனக்குத்தான் கேக்கல."